இரண்டு இடத்தில் நின்று கேட்டவர்

அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. தாராவியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ‘வளையம் சார்’ என்றால் போதும், தகரப் பட்டறைக்காரர் முதல் தோல் கிட்டங்கிக் காவல்காரர் வரைக்கும் ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும். தோளில் ஒரு காக்கிப் பை. கையில் மாவு சலிக்கிற சல்லடை அகலத்துக்கு ஒரு மரவளையம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. தலையில் மாட்டிக்கொள்கிற காதுக்கருவி ஒன்று. குடியிருப்பது மாட்டுங்காவில், பார்ப்பது சர்க்கார் உத்தியோகம். யார் வீட்டு ரேடியோவிலாவது கொரகொரவென்று இரைச்சல் வருகிறது என்று புகார் போனால், அந்த இரைச்சல் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று தேடிப் பிடிப்பது அவர் வேலை.

முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு மேல் மனு போட்டாலும் ஒரு ஆள் எட்டிப் பார்க்காத இடத்தில், ரேடியோ கொரகொரக்கிறது என்றால் உடனே ஆள் வருகிறார். சர்க்காருக்கு எங்கள் தொண்டையைவிட யாரோ ஒருவர் காது பெரிதாகப் போய்விட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார், சர்க்காரைத் திட்டினால் பதில் பேச மாட்டார்.

நான் அப்போது எங்கள் சந்து முனையில் மாவு மிஷின் வைத்திருந்தேன். சோர் பஜாரில் வாங்கிய பழைய மோட்டார். உள்ளே மின்சாரம் பாய்ச்சுகிற கரித்துண்டு தேய்ந்து பொறி பறக்கும். அது எனக்குப் பழகிப்போன விஷயம். ஒருநாள் பட்டப்பகலில் வளையத்தோடு வந்து நின்றார்.

“கொஞ்சம் நிறுத்துங்கோ” என்றார்.

“எதுக்கு நிறுத்தணும்? மாவு பாதியில கெடக்கு. நீங்க யாரு?”

யாரென்று சொன்னார். நிறுத்தினேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். “இப்போ போடுங்கோ” என்றார். போட்டேன். மறுபடி நிறுத்தச் சொன்னார். வரிசையில் நின்ற பொம்பளைகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் கோபம் வந்துவிட்டது.

“பம்பாய்ல ஆயிரம் மோட்டார் ஓடுது. எங்கிட்ட மட்டும் வந்து நிக்கியளே, நான் ஒருத்திதான் ஒங்களுக்கு இளிச்சவாச்சியா?”

அவருக்குக் கோபமே வரவில்லை. “இன்னும் நான் ஒண்ணும் சொல்லலையே அம்மா. ஒரு இடத்துல நின்னு கேட்டது பாதிதான். இன்னொரு இடத்துல நின்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று வெளியே போனார். கோயில் பக்கம் ஒரு மூலையில் போய் வளையத்தைத் திருப்பித் திருப்பி நின்றார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. “உங்க மோட்டார் பாதிதான். மீதி, அந்தக் கோடியில தையல் கடை மோட்டார். ரெண்டு பேரும் சரி பண்ணணும்” என்றார். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அவர் வாயாலேயே வந்ததில் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

கரித்துண்டு மாற்றி, பொறியின் இரைச்சலை அடக்கக் கண்டென்சர் ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்றார். கிளம்பும்போது என்ன நினைத்தாரோ, மோட்டார் மேல் புறங்கையை லேசாக வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“இதுல ஷாக் அடிக்கறது, தெரியுமோ?”

“சுர்ருன்னு இருக்கும். நான் பலகை மேல நின்னுக்கிடுவேன்.”

அவர் முகம் மாறிவிட்டது. ரேடியோவில் இரைச்சல் வந்தால் பாட்டுதான் கெடும், இது ஆளையே கெடுத்துவிடும் என்றார். நிலத்தில் கம்பி பதித்து மோட்டார் உடம்போடு சேர்த்துக் கட்டாமல் இனி ஓட்டக்கூடாது என்றார். அது அவர் இலாகா சமாச்சாரமே இல்லை. இருந்தும் மறுநாள் வந்து, மேஸ்திரி கம்பி பதிக்கிறவரை வெயிலில் நின்றார். வேலை முடிந்து, புறங்கையை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்த பிறகுதான் டீ குடித்தார். அதற்கு முன்னால் நீட்டியபோது வாங்கவில்லை.

அந்த டீயைக் குடிக்கும்போதுதான் வளையத்தின் சூட்சுமத்தைச் சொன்னார். நாம் நினைப்பதுபோல் சத்தம் அதிகமாகக் கேட்கிற பக்கம் ஆள் இருக்கிற பக்கம் இல்லையாம். வளையத்தைத் திருப்பிக்கொண்டே வரும்போது எங்கே சத்தம் அப்படியே செத்துப்போகிறதோ, அங்கே வளையத்தின் முகம் பார்க்கிற நேர்கோட்டில்தான் தேடுகிற பொருள் இருக்குமாம். ஆனால் அந்தக் கோட்டில் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று வளையம் சொல்லாது. அதனால்தான் தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ, அங்கே.

தொழிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதை அந்த மனிதர் வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டுவிட்டார். யாரைப் பற்றியும் ஒரு பேச்சு காதில் விழுந்தால் நம்ப மாட்டார், நம்பாமல் இருக்கவும் மாட்டார். “நான் இன்னொரு பக்கம் கேக்கலையே” என்பார். கொத்தமல்லி விலை ஏறிவிட்டது என்று சொன்னால்கூட அதே பதில்தான். அவரோடு வம்பு பேசவே முடியாது. ஆனால் காதால் கேட்டுவிட்டால் அதை விழுங்கவும் மாட்டார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு முறுக்கு மாவு என் மிஷினில்தான் அரைத்தது. மாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார்களே என்று நானும் இருந்தேன். பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் செலவில் கலர் பல்பு சரம், அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிடத்து மாடியிலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, ரேடியோவில் கச்சேரி கேட்க முடியவில்லை, டிக் டிக் என்று வெட்டுகிறது என்றார். பெண்ணைப் பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? காது கேட்காத மாதிரி இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானே! இவர் பட்டு வேஷ்டியோடு மாடிக்குப் போய் ரேடியோவைக் கேட்டார். கீழே வந்து சரத்துக்குப் பக்கத்தில் நின்றும் கேட்டார். பிறகு சரத்தைச் சிமிட்ட வைக்கிற சொடுக்கியைக் கழற்றிவிட்டார். பல்பெல்லாம் சிமிட்டாமல் வெறுமனே எரிந்தன. சம்பந்தி முகம் எரிந்தது அதைவிட அதிகம். அவர் சம்சாரம், மாமி, சமையல் கட்டில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆளோடு குடித்தனம் பண்ணுவது லேசில்லை என்றும் தோன்றியது.

அறுபத்தைந்தாம் வருஷம் எல்லையில் சண்டை வந்தது. பம்பாயில் விளக்கு அணைக்கச் சொன்னார்கள், ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். எங்கே பார்த்தாலும் உளவாளி பேச்சு. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து ரேடியோக்களில் ஒரு ஊளை கேட்க ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிற நேரத்தில் குறுக்கே மெல்லிசாக ஏறி இறங்கும். யாரோ ஒளிந்திருந்து எதிரிக்குச் சேதி அனுப்புகிறான் என்று ஆட்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். நானும் பேசினேன். பிடித்தால் தோலை உரிக்க வேண்டும் என்றேன்.

அந்த ஊளை என் வீட்டுப் பரணிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

என் தம்பி செல்லத்துரை எங்களோடு இருந்தான். செம்பூரில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. காலை ஷிப்டு முடிந்து வந்தால் பரணில் ஏறிவிடுவான். பழைய சாமான் வாங்கி, ஒற்றை வால்வை வைத்து அவனே ஒரு ரேடியோ கட்டியிருந்தான். சாயங்காலம் கடல் தாண்டி இலங்கையிலிருந்து வருகிற தமிழ்ப் பாட்டுக் கேட்கத்தான். அப்போதெல்லாம் ரேடியோ வைக்க லைசென்ஸ் வேண்டும், அவன் எடுக்கவில்லை. அந்த மாதிரிச் செட்டில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்று திருகை ஒரு இழை கூட முறுக்கினால், அதுவே ஊளையிட ஆரம்பித்து, மேலே கட்டிய கம்பி வழியாக ஊர் ரேடியோவிலெல்லாம் போய் விழும். அவன் காதில் மட்டும் மாட்டிக் கேட்டதால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அது வெளியே போகிறது என்பது அவனுக்கும் தெரியாது.

நான் மிஷினில் இருந்தபோது ஒரு பையன் ஓடிவந்து, போலீஸ் செல்லத்துரை அண்ணனைப் பிடித்துக்கொண்டது என்றான். மாவுக் கையோடு ஓடினேன். சந்து முழுக்க ஜனம். தம்பியின் மணிக்கட்டில் விலங்கு. சப்-இன்ஸ்பெக்டர் கையில் அந்த ரேடியோ, அறுந்த கம்பிகளோடு. நடுவில் வளையம் சார், காதுக்கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு.

என் மிஷினில் டீ குடித்த மனிதர். என் வீடு எது என்று தெரிந்தவர். அவர்தான் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். எதிர்வீட்டு மைமூன் அக்காதான் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மைமூன் அக்காவும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். அவள் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. எங்கள் வாசலும் அவர்கள் வாசலும் நேருக்கு நேர், நடுவில் ஒரு சாக்கடை. தம்பி உள்ளே இருந்த நாளெல்லாம் என் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. அவள்தான் ஆப்பமும் குழம்பும் கொண்டுவந்து வைத்து, நான் வாயில் போடுகிறவரை உட்கார்ந்திருப்பாள்.

சண்டைக்காலச் சட்டம். விசாரணை இல்லாமலே எத்தனை நாள் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம் என்றார்கள். வளையம் சார் எழுதித் தருகிற அறிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஸ்டேஷனில் ஒரு ஏட்டு சொன்னார். மானத்தை விட்டு மாட்டுங்காவுக்குப் போனேன். மாமி உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

“சார், அது வெறும் ரேடியோப்பெட்டிதான், அதுலருந்து ஒண்ணும் வெளிய போகாதுன்னு ஒரு வரி எழுதிருங்க. அவன் ஒண்ணும் அறியாத பய.”

“வெளியே போறது அம்மா. நான் கேட்டேன். கேட்டதைக் கேக்கலைன்னு எழுத மாட்டேன்.”

“ஒங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவியளா?”

நான் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அவர் குலம் விளங்காது என்றேன். மாமி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் மட்டும் தலையைச் சாய்த்து, மோட்டாரைக் கேட்கிற மாதிரி அத்தனையையும் கேட்டார். கடைசியில், “நான் இன்னும் ஒரு தடவை கேக்கணும். அந்தச் செட்டை அதே எடத்துல வெச்சு, உங்க தம்பியே திருப்பட்டும். அது வரைக்கும் நான் எதுவும் எழுதப் போறதில்லை” என்றார்.

அதற்கு அவர் எத்தனை மேஜை ஏறி இறங்கினாரோ, எனக்குத் தெரியாது. சண்டை நின்று சில நாளில், ஒரு மாலைப்பொழுது, தம்பியை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். இளைத்துப் போயிருந்தான். ஒரு கையில் விலங்கு, இன்னொரு கை திருகில். பரண் ஏணியடியில் ஒரு போலீஸ்காரர். பாட்டு நேரம் வந்ததும் அவன் திருகைத் திருப்ப ஆரம்பித்தான். வளையம் சாரும் சப்-இன்ஸ்பெக்டரும் வெளியே நடந்தார்கள். சந்தின் இந்த முனை, அந்த முனை, தோல் கிட்டங்கிப் பக்கம், குயவர்கள் சூளை வரைக்கும். ஜனம் கூடவே போனது, ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் உயிர் அந்த வளையத்தில் இருந்தது.

திரும்பி வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் இந்தியில் கேட்டார். இதை வைத்துச் சேதி அனுப்ப முடியுமா என்று.

“முடியும். மனசு வெச்சா முடியும்” என்றார் இவர், அதே இந்தியில்.

“இவன் அனுப்பினானா?”

“இங்க வர்றதுக்கு முன்னாடி பல சாயங்காலம் இந்த ஊளையை நான் உட்கார்ந்து கேட்டிருக்கேன். இன்னிக்கும் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான். ஏறி எறங்கித் தேடறது. பாட்டு தெளிவாக் கிடைச்ச உடனே நின்னுபோயிடறது. சேதி அனுப்பறவன் பாட்டு நன்னாயிருக்குன்னு நிறுத்த மாட்டான்.” பிறகு, யாரும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். “லைசென்ஸ் இல்லை. அது குத்தம். அதையும் எழுதுவேன்.”

எழுதினார். தம்பிக்கு அபராதம் விதித்து விட்டுவிட்டார்கள். கம்பெனி அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ் கூட்டிப்போன ஆளை எண்ணெய்க் கிடங்குப் பக்கம் விட மாட்டோம் என்றார்கள். என்னோடு மிஷினில் நின்றான். அப்புறம் அவன் ஒரு பாட்டும் கேட்கவில்லை. ஆனால் அவன் ஒருநாளும் அவரைத் திட்டியதில்லை. திட்டியதெல்லாம் நான்தான். மைமூன் அக்காவிடம் தினம் திட்டுவேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

அடுத்த மழைக்காலம் கழிந்து, கரித்துண்டு மறுபடி தேய்ந்துவிட்டதென்று புகார் போய், அவரே வந்தார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். என் முகத்தை நேராகப் பார்த்தே மிஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மிஷின் ஓய்ந்ததும் இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. வரிசையில் நாலைந்து பேர். அதில் மைமூன் அக்காவும் கோதுமை டின்னோடு நின்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. “அன்னிக்கி எங்க வீடுன்னு தெரியாமலா சார் காட்டுனிய?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

அவர் வளையத்தைக் கீழே வைத்தார். இதையும் அவர் மறைக்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“உங்க வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவுல நின்னுண்டிருந்தேன். சத்தம் செத்துப்போச்சு. கோடு ரெண்டு வீட்டு வழியாவும் போறது. நாலடி தள்ளி நின்னாத் தெரிஞ்சுடும். தள்ளாமலே எனக்குத் தெரிஞ்சுடுத்து, உங்க கூரைல கம்பி இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கம்பியைப் பார்க்கலை. எதிர்வீட்டு வாசல்ல எழுதியிருந்த பேரைப் பார்த்தார். ‘யஹீ ஹை’ன்னு சொல்லிண்டு அங்க போனார், இதுதான் வீடுன்னு. என்னை ஒண்ணும் கேக்கலை. நான் பேசாம நின்னேன்.”

“பேசாமயா?”

“பேசாம இருந்தாப் போறும், உங்க தம்பி தப்பிச்சுடுவான்னு தோணித்து. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். ஆனா முடியலை. அவர் அந்தக் கதவைத் தொடறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டேன். தள்ளி நின்னு இன்னொரு தடவை பார்த்துட்டு, உங்க வீட்டைக் காட்டினேன்.”

அந்த வருஷத்தில், அந்தப் பேர் உள்ள வீட்டு ஆளைப் பிடித்துப் போயிருந்தால், யார் வளையத்தோடு சந்து சந்தாக நடந்திருப்பார்கள்? யார் மேஜை மேஜையாகப் போய்க் கேட்டிருப்பார்கள்? என் தம்பி கம்பியை அறுத்து, செட்டை அடுப்பில் போட்டிருப்பான். நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அதனால் மைமூன் அக்கா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள்தான் பேசினாள்.

“இல்ல சார். கதவைத் தொட்டாரு.”

அவர் அவளை அப்போதுதான் பார்த்தார். யாரென்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

“நான் உள்ளதான் நின்னேன், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு. ரெண்டு தட்டு தட்டுனாரு. திறக்கணும்னு தாப்பாளுல கைய வச்சிட்டேன். அதுக்கு அப்புறமாத்தான் ஒங்க சத்தம் கேட்டுது. எல்லாந்தான் கேட்டுது.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஒன் தம்பி உள்ள இருக்கையில அத எப்படித்தா நான் சொல்லுவேன்?”

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அந்தச் சந்துக்குள் ஒரு ஈ பறந்தாலும் கேட்கிற மனிதர்.

“ரெண்டு தட்டா?” என்றார். “எனக்குக் கேக்கலையே.”

“தட்டுனாரு சார்.”

“அப்படின்னா, நான் நினைச்சுண்டிருந்ததைவிட ரொம்ப நேரம் பேசாம இருந்திருக்கேன்.”